காலராவின் விஷம் எங்கே ஒளிந்திருந்தது? 75 வருஷ நம்பிக்கையை மாற்றிய டாக்டர் சம்புநாத் தே

எந்த மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்கும். ரெண்டு வடை, ஒரு டீ குடிக்கிற காசுதான். உள்ளே இருப்பதும் பெரிய மருந்து இல்லை. கொஞ்சம் குளுக்கோஸ், கொஞ்சம் உப்பு, அதோடு இரண்டு உப்புச் சத்துகள். இந்தப் பொடி கலந்த தண்ணீர்தான் காலரா போன்ற கொடூரமான வாந்திபேதி நோய்களிலிருந்து கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

ஒரு சாதாரண உப்புத் தண்ணீரால் எப்படி இது முடிகிறது? இதைப் புரிந்துகொள்ள, முதலில் இன்னொரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். காலரா வந்தவரின் உடம்பிலிருந்து இவ்வளவு தண்ணீர் ஏன் வெளியேறுகிறது? 1884இல் காலரா கிருமி அடையாளம் காணப்பட்டுவிட்டது. ஆனால் அந்தக் கிருமி உடம்புக்குள் என்னதான் செய்கிறது என்பதை மருத்துவ உலகம் 75 வருஷம் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தது.

சரியான இடத்தைக் காட்டியவர், கல்கத்தாவின் அரசு மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நோயியல் டாக்டர். பெயர், சம்புநாத் தே. உலக மருத்துவ ஆராய்ச்சியாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். நம் பாடப் புத்தகங்களில்தான் அதிகம் கண்ணில் படுவதில்லை.

காட்டுப்பள்ளிக்கும் காலராவுக்கும் என்ன சம்பந்தம்?

சென்னைக்கு வடக்கே எண்ணூரைத் தாண்டினால் வருவது காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் வங்கக்கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். இன்னும் வடக்கே போனால் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். இறாலும் நண்டும் மடவையும் இங்குள்ள மீனவக் கிராமங்களின் வாழ்க்கை.

காலரா என்றால் சாக்கடையில் பிறக்கிற கிருமி என்றுதான் பலர் நினைக்கிறோம். உண்மையில் அதன் சொந்த ஊர் உவர்நீர். ஆறும் கடலும் கலக்கிற கழிமுகங்களில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மிதவை உயிர்களின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு இந்தக் கிருமி இயற்கையாகவே வாழும். உலகம் முழுக்கப் பல கழிமுகங்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள். பயப்பட வேண்டாம். தண்ணீரில் வாழும் இந்த வகைக் கிருமிகளில் பெரும்பாலானவை காலராவை உண்டாக்காது. விஷம் சுரக்கத் தெரிந்த சில ரகங்கள் குடிதண்ணீரிலோ சாப்பாட்டிலோ கலந்தால்தான் ஆபத்து.

பிரச்சினை குடிநீரில்தான் ஆரம்பிக்கிறது. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்தது பழைய கதை. சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் குடிக்கத் தண்ணீர் வேறெங்கிருந்தோ வர வேண்டும். 2015 வெள்ளமோ, 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலோ, பெருமழை வந்தால் கழிவுநீரும் குடிநீரும் கலக்கிற வாய்ப்பு கூடிவிடும். அப்படிப்பட்ட நேரத்தில் வாந்திபேதி வந்த ஒரு குழந்தைக்கு என்ன கொடுப்பது, எதை நிறுத்துவது என்ற முடிவு வீட்டில்தான் எடுக்கப்படுகிறது. அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் அறிவு, டாக்டர் தே ஆய்வுக்கூடத்தில் தேடியது.

யார் இவர்?

1915 பிப்ரவரி 1 அன்று, வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் உள்ள கரிபாட்டி கிராமத்தில் பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை. அப்பாவுக்குச் சின்ன வியாபாரம். சொந்தக்காரர் ஒருவரின் உதவியாலும் உதவித்தொகையாலும்தான் படிப்பு நடந்தது. ஊர்ப் பள்ளிக்கூடம், பிறகு ஹூக்ளி மொஹ்சின் கல்லூரி, அங்கிருந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரி. 1939இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். வெப்பமண்டல நோய்கள் பற்றிய டிப்ளமோவை 1942இல் முடித்தார்.

பெரிய பிராக்டீஸ் வைத்து சம்பாதிக்கிற வழி இருந்தும், அவர் மனசு நோயியல் துறையில்தான் இருந்தது. அதாவது, நோய் உடம்புக்குள் என்ன மாற்றத்தைச் செய்கிறது என்று திசுக்களையும் ரத்தத்தையும் வைத்துக் கண்டுபிடிக்கும் துறை. 1947இல் லண்டன் போனார். ராய் கேமரூன் என்ற பெயர்பெற்ற நோயியல் அறிஞரிடம் ஆராய்ச்சி செய்து 1949இல் பிஎச்.டி. வாங்கினார். அங்கே அவர் ஆராய்ந்ததில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் ஒன்று. திசுக்களிலிருந்து நீர் ஏன் கசிகிறது, எப்படிச் சேர்கிறது என்ற யோசனை அப்போதே அவரிடம் இருந்தது.

ஊர் திரும்பியபோது நாடு சுதந்திரம் வாங்கியிருந்தது, பிரிவினையும் நடந்திருந்தது. கல்கத்தா முழுக்க அகதிகள். வருஷா வருஷம் காலரா வேறு. நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த டாக்டர் தே, தன் வார்டுகளுக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்த அந்த நோயைக் கையில் எடுத்தார்.

அதுவரை எல்லாரும் என்ன நம்பினார்கள்?

காலராவைப் பற்றிய நம்பிக்கைகள் ஒவ்வொன்றாக உடைந்துதான் வந்தன. வங்காளக் கிராமங்களில் அதற்கென்றே ஓலா தேவி என்ற தெய்வத்தை வணங்கினார்கள். நம் ஊர்களில் அம்மனுக்கு வேண்டிக்கொண்டார்கள். ஐரோப்பாவில் படித்த டாக்டர்கள் மட்டும் ரொம்ப முன்னால் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. கெட்ட காற்றுதான் காரணம் என்றார்கள்.

1854இல் லண்டன் டாக்டர் ஜான் ஸ்னோ, ஒரு தெருவின் அடிபம்புத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கே அதிகமாக நோய் வந்ததைக் கணக்கெடுத்துக் காட்டினார். அதே வருஷம் இத்தாலியின் பிலிப்போ பசினி நுண்ணோக்கியில் கிருமியைப் பார்த்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஜெர்மனியின் ராபர்ட் கோக், முதலில் எகிப்திலும் பிறகு கல்கத்தாவிலும் வந்து ஆராய்ந்து, காற்புள்ளி மாதிரி வளைந்திருக்கும் கிருமிதான் காரணம் என்று 1884இல் அறிவித்தார்.

அதோடு கதை முடியவில்லை. ஒரு கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று நிரூபிக்க, அதை ஒரு விலங்குக்குக் கொடுத்து அதே நோயை வரவழைக்க வேண்டும். கோக்கால் அது முடியவில்லை. இதைப் பிடித்துக்கொண்ட ஜெர்மன் அறிஞர் பெட்டன்கோஃபர், 1892இல் தன் 73 வயதில் காலரா கிருமி கலந்த திரவத்தை எல்லார் முன்னாலும் எடுத்துக் குடித்தே காட்டினார். லேசான பேதியோடு தப்பித்துவிட்டார்.

கிருமி ஏதோ விஷம் சுரக்கிறது என்ற ஊகம் கோக்கிடமும் இருந்தது. ஆனால் தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. கடைசியில் கோக்கின் சீடர் ரிச்சர்ட் பைஃபர் சொன்ன விளக்கம் நிலைத்தது. கிருமி உயிரோடு இருக்கும்போது விஷத்தை வெளியே விடுவதில்லை. அது செத்து உடையும்போதுதான் உடலுக்குள் இருக்கும் விஷம் வெளிவருகிறது. அது ரத்தத்தில் கலந்து ஆளைச் சாய்க்கிறது. கூடவே, குடலின் உள்சுவர் உரிந்து புண்ணாவதால்தான் தண்ணீர் ஒழுகுகிறது என்றும் நம்பினார்கள். பிரேதப் பரிசோதனையில் குடல் உரிந்திருந்ததே, அது போதாதா? ஆனால் செத்த உடம்பில் குடல் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதைப் பலர் கணக்கில் எடுக்கவில்லை.

இந்த நம்பிக்கை ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. குடல் புண்ணாகிவிட்டது என்று நம்பினால் என்ன செய்வோம்? வயிற்றுக்கு ஓய்வு கொடு, வாய்வழியே எதுவும் தராதே என்போம். தாகத்தில் துடிப்பவருக்குத் தண்ணீரைத் தடுப்போம். இழந்த நீரை நரம்பு வழியே உப்புநீராக ஏற்றினால் பலர் பிழைக்கிறார்கள் என்பதை லெனார்ட் ரோஜர்ஸ் என்ற டாக்டர் கல்கத்தாவிலேயே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டியிருந்தார். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பாட்டிலும் ஊசியும் நர்ஸும் இருக்கும் ஊர்களுக்கு மட்டும்.

முயல் குடலில் போட்ட முடிச்சு

டாக்டர் தே கேட்ட கேள்வி எளிமையானது. காலரா கிருமி மனிதனின் குடலில்தான் வாழ்கிறது, குடலில்தான் வேலையைக் காட்டுகிறது. அப்படியானால் அதை ஏன் எலி, கினிப் பன்றிகளின் ரத்தத்திலும் வயிற்றறையிலும் ஊசி போட்டுப் பார்க்கிறோம்? குடலுக்குள்ளேயே வைத்துப் பார்த்தால் என்ன?

வாய்வழியே கொடுத்தால் வளர்ந்த விலங்குகளுக்கு நோய் வருவதில்லை. அதனால் அவர் வேறு வழி செய்தார். ஒரு முயலை மயக்கத்தில் வைத்து, வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் சில அங்குல நீளத்துக்கு இரண்டு பக்கமும் நூலால் முடிச்சுப் போட்டார். பலூன் வியாபாரி நீள பலூனை நடுவில் முறுக்குவாரே, அந்த மாதிரி ஒரு மூடிய துண்டு. அதற்குள் காலரா கிருமி கலந்த திரவத்தைச் செலுத்தினார். பக்கத்தில் இன்னொரு துண்டில் கிருமி இல்லாத திரவம். வயிற்றைத் தைத்து மூடி ஒரு நாள் காத்திருந்தார்.

மறுநாள் திறந்து பார்த்தால், கிருமி போட்ட துண்டு நீர் நிறைந்து உப்பியிருந்தது. உள்ளே இருந்தது, காலரா நோயாளிக்குப் போகிற அதே கழனித்தண்ணி மாதிரியான திரவம். பக்கத்துத் துண்டு சுருங்கிக் கிடந்தது. கோக்கால் விலங்கில் வரவழைக்க முடியாமல் போன நோயை, ஒரு நூலையும் முயலையும் வைத்துக் கல்கத்தாவில் வரவழைத்தாகிவிட்டது. தன்னோடு வேலை செய்த டி.என். சாட்டர்ஜியுடன் சேர்ந்து 1953இல் இதை வெளியிட்டார்.

இந்தச் சோதனைக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அதனாலேயே உலகத்தின் பல ஆய்வுக்கூடங்கள் இதை எடுத்துக்கொண்டன. டாக்டர் தே இதே முறையில் இன்னொன்றையும் பார்த்தார். நம் குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை கிருமியின் சில ரகங்களும் இதே மாதிரி குடலை உப்ப வைக்கின்றன என்று 1956இல் காட்டினார். ஏழை நாடுகளின் குழந்தைகளுக்கும், ஊர் மாறிப் பயணம் போகிறவர்களுக்கும் வருகிற பேதிக்கு ஒரு முக்கியமான காரணம் இந்த ரகங்கள்தான் என்பது பிறகு உறுதியானது.

1959: கிருமி இல்லாத திரவம்

இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. குடலை உப்ப வைத்தது கிருமியா, அது சுரந்த ஏதாவது பொருளா?

1955 முதல் டாக்டர் தே கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் துறைத் தலைவர். அங்கே அவர் காலரா கிருமியைத் திரவத்தில் வளர்த்து, பிறகு கிருமி நுழைய முடியாத நுண்வடிகட்டியில் அந்தத் திரவத்தை வடித்தார். கீழே இறங்கியதில் ஒரு கிருமிகூட இல்லை. அதை முயலின் குடல் துண்டுக்குள் விட்டார். துண்டு உப்பியது. அதே கழனித்தண்ணி.

ஆக, கிருமி உயிரோடு இருக்கும்போதே ஒரு விஷத்தைத் தன்னைச் சுற்றியுள்ள திரவத்தில் விடுகிறது. அந்த விஷம் தனியாகவே வேலை செய்கிறது. ரத்தத்தில் கலக்கத் தேவையில்லை. குடலைக் கிழிக்கவும் தேவையில்லை. அது குடலின் உட்புறத்திலேயே தன் வேலையை முடித்துவிடுகிறது. 75 வருஷமாக மற்றவர்களுக்கு இது கிடைக்காததற்குக் காரணமும் இதில் இருக்கிறது. அவர்கள் விஷத்தை அது வேலை செய்யாத இடங்களில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

1959 மே மாதம் நேச்சர் இதழில் இது வெளியானது. இரண்டு பக்கத்துக்குள் முடிந்துபோன கட்டுரை. அதே வருஷம் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே. தத்தாவின் குழுவும் முயல் குட்டிகளை வைத்து காலராவின் விஷத்தைப் பற்றி எழுதியது. தாய்லாந்தில் உயிரோடு இருந்த காலரா நோயாளிகளின் குடலிலிருந்து துளித் திசுவை எடுத்துப் பார்த்த ஆய்வு அடுத்த வருஷம் வெளியானது. உள்சுவர் உரியவில்லை. முழுசாக இருந்தது. பழைய நம்பிக்கையின் கடைசித் தூணும் விழுந்தது.

கருவாட்டுப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள்

சுவர் கிழியாமல் தண்ணீர் எப்படி வெளியே வரும்? பழவேற்காட்டுப் பக்கம் கருவாடு போடும் பெண்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். மீனைக் கழுவி, உப்பைப் போட்டு மூடி வைத்தால், மறுநாள் பானையில் தண்ணீர் நிற்கும். யாரும் ஊற்றாத தண்ணீர். உப்பு மீனுக்குள்ளிருந்து இழுத்த தண்ணீர். உப்பு அதிகமாக இருக்கும் பக்கம் தண்ணீர் போகும். அவ்வளவுதான் விஷயம்.

இதையே தலைகீழாகச் செய்கிற இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. 2010இல் காட்டுப்பள்ளியில் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருவதற்காகக் கட்டப்பட்டது. உப்பை நோக்கிப் போக விரும்பும் தண்ணீரை, பெரிய அழுத்தம் கொடுத்து எதிர்ப்பக்கம் தள்ளி உப்பிலிருந்து பிரிக்கிறார்கள்.

காலரா விஷம் நம் குடலைக் கருவாட்டுப் பானை ஆக்கிவிடுகிறது. அந்த விஷ மூலக்கூறில் இரண்டு பகுதிகள். ஐந்து கால் போன்ற ஒரு பகுதி குடல் செல்லைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு பகுதி செல்லுக்குள் புகுந்து ஒரு சுவிட்சை ஆன் செய்துவிட்டு, அதைத் திரும்ப ஆஃப் ஆகவிடாமல் பூட்டிவிடும். உடனே செல் தன் உப்புச் சத்தைக் குடலின் உள்ளே கொட்டத் தொடங்கும். உப்பு போன பக்கம் தண்ணீரும் போகும். மோசமான நிலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர்வரை வெளியேறலாம். கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து, காலையில் நன்றாக இருந்தவர் மாலைக்குள் போய்விடுவது இதனால்தான். ஆளைக் கொல்வது தண்ணீர் இழப்பு.

இந்த விடையால் என்ன மாறியது?

குடல் புண்ணாகவில்லை என்றால், அது இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். வெளியே கொட்டுகிற குழாய் திறந்திருக்கிறது, சரி. உள்ளே உறிஞ்சுகிற குழாய்?

அது கெடவில்லை என்பதுதான் பெரிய அதிர்ஷ்டம். குடலில் ஒரு கதவு இருக்கிறது. அது உப்பின் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்துத்தான் உள்ளே விடும். காலரா விஷம் இந்தக் கதவைத் தொடுவதில்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் கீழே போய்விடும். வெறும் உப்புத் தண்ணீரும் அப்படியே. சரியான அளவில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் கதவு திறக்கும், அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் உடம்புக்குள் வரும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் ரகசியம் இதுதான்.

இது டாக்டர் தே ஒருவரின் கண்டுபிடிப்பு இல்லை. சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துப் போவதை வேறு சிலர் கண்டுபிடித்தார்கள். டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் இருவரும் 1968இல் நோயாளிகளிடம் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஆனால் காலராவில் குடல் சிதையவில்லை, ஒரு விஷத்தால் ஏமாற்றப்படுகிறது என்ற அடித்தளம் இல்லாமல் இந்த வைத்தியத்தின் மேல் நம்பிக்கை வந்திருக்காது.

அதற்குப் பரீட்சை 1971இல் வந்தது. வங்கதேசப் போரில் லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். பன்காவ் முகாமில் காலரா. சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மஹாலனபிஸ் குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, தண்ணீரில் கலந்து டிரம்களில் வைத்தார். நோயாளியின் சொந்தக்காரர்களே மொண்டு கொடுத்தார்கள். 100 பேரில் சுமார் 30 பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு 4 பேருக்கும் கீழே இறங்கியது.

சென்னையில் 1992இல் என்ன நடந்தது?

இந்த அறிவுக்கு நம் ஊரிலும் ஒரு சோதனை வந்தது. 1992 அக்டோபர் வாக்கில் சென்னையில் ஒரு புது ரக காலரா கிருமி பரவியது. அதுவரை பெரிய தொற்றுகளை உண்டாக்கிய ரகங்களுக்கு இருந்த மேல்தோல் அடையாளம் இதற்கு இல்லை. அதனால் ஏற்கெனவே நோய் வந்து எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் இது தாக்கியது. சீக்கிரமே கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் போனது. விஞ்ஞானிகள் அதற்கு ஓ139 என்று பெயர் வைத்தார்கள்.

சட்டை புதுசு. ஆனால் உள்ளே இருந்த விஷம் அதேதான், 1959இல் முயல் குடலில் டாக்டர் தே காட்டிய அதே விஷம். அதனால் வைத்தியமும் மாறவில்லை. அதே உப்பு, அதே சர்க்கரை, அதே தண்ணீர் வேலை செய்தது.

அவருக்கு என்ன கிடைத்தது?

அடுத்த படி, அந்த விஷத்தைத் தனியாகப் பிரித்தெடுத்துச் சுத்தப்படுத்துவது. அதற்கான கருவிகளும் வசதியும் அன்றைய கல்கத்தாவில் இல்லை. டாக்டர் தே முயன்றார், முடியவில்லை. 1960களிலேயே அந்த வேலை அவர் கையை விட்டுப் போய்விட்டது. 1969இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபிங்கெல்ஸ்டீன் குழு விஷத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தது. உலக ஆய்வுக்கூடங்கள் டாக்டர் தேயின் முயல் குடல் சோதனையை வைத்து முன்னேறிக்கொண்டிருந்தபோது, அவர் மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். 1973இல் ஓய்வு பெற்றார்.

நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பெர்க், ஒரு தடவைக்கு மேல் டாக்டர் தேயின் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. 1978இல் காலரா பற்றிய சிறப்புக் கருத்தரங்கை நோபல் அறக்கட்டளை நடத்தியபோது அவரைப் பேச அழைத்தது. ஆராய்ச்சியை விட்டு வெகுகாலம் ஆகியிருந்த மனிதருக்கு, தான் மறக்கப்படவில்லை என்று தெரிந்தது அங்கேதான்.

சொந்த நாட்டில்? இந்தியாவின் பெரிய அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. பெரிய தேசிய விருது எதுவும் தரப்படவில்லை. 1985 ஏப்ரல் 15 அன்று அவர் இறந்தார். அடுத்த வருஷம், ஆய்வுக் கட்டுரைகளை யார் யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கணக்கிடும் துறையின் முன்னோடி யூஜின் கார்ஃபீல்ட், காலரா ஆராய்ச்சியில் டாக்டர் தேயின் இடம் எவ்வளவு பெரியது என்று விரிவாக எழுதினார். பெங்களூரிலிருந்து வரும் கரண்ட் சயின்ஸ் இதழ், அவருக்காக ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது. அது 1990இல், அவர் போய் ஐந்து வருஷம் கழித்து.

ஏன் இப்படி? அவர் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளாத ஆள். பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் இல்லை, பாடம் நடத்துகிற அரசுக் கல்லூரியில் இருந்தார். நேச்சரில் கட்டுரை வந்த பிறகாவது, விஷத்தைப் பிரித்தெடுக்க ஒரு நல்ல ஆய்வுக்கூடத்தை யாராவது அமைத்துக் கொடுத்திருந்தால், மிச்ச வேலையும் கல்கத்தாவிலேயே முடிந்திருக்கலாம். விருது தராததைவிட இதுதான் பெரிய இழப்பு.

சரி, நாம் என்ன செய்ய வேண்டும்?

உலகத்தில் இன்னும் வருஷத்துக்கு 13 லட்சம் முதல் 40 லட்சம் பேர்வரை காலராவால் பாதிக்கப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. கடுமையான காலராவுக்கு வைத்தியம் செய்யாவிட்டால் பாதிப் பேர்வரை இறக்கலாம். நேரத்துக்குச் செய்தால் 100 பேரில் ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பழைய நம்பிக்கை வீடுகளில் இன்னும் முழுசாகப் போகவில்லை. குடித்தால் இன்னும் போகும் என்று சொல்லி, பேதியாகிற குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தாய்ப்பாலையும் நிறுத்துகிறவர்கள் உண்டு. டாக்டர் தே காட்டியது இதற்கு நேர் எதிர். போவது நிற்கவில்லை என்றாலும், போன அளவுக்கு உள்ளே வர வேண்டும்.

பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவில் முழுப் பாக்கெட்டையும் கலக்குங்கள். சில பாக்கெட்டுகள் ஒரு லிட்டருக்கு, சில 200 மில்லிக்கு. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் நல்லது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி கொடுக்கலாம். பாக்கெட் கிடைக்காத ஊரில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தட்டையாக வழித்த ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் உதவும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

பழச்சுவையோடு டெட்ரா பேக்கில் வருகிற இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை அளவு என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். சர்க்கரை அதிகமானாலும் கருவாட்டுப் பானைக் கணக்குதான். தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து பேதியைக் கூட்டிவிடும்.

கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போவது நின்றாலோ, குழந்தை சோர்ந்து துவண்டாலோ, கழனித்தண்ணி மாதிரி விடாமல் போனாலோ வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உடனே 108. வண்டியில் போகும்போதும் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போக வேண்டும். நரம்பு வழியே நீர் ஏற்றுவதா, ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

வராமல் தடுக்க ஒரு எளிய வழி வங்கதேசத்துக் கிராமங்களிலிருந்து வந்தது. கிருமி மிதவை உயிர்களில் ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது? பழைய பருத்திப் புடவையை நான்கைந்து மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்ததாக 2003இல் ஆய்வு முடிவு வெளியானது. வெள்ளம் வந்து வேறு வழியே இல்லாத நேரத்துக்கு இது கைகொடுக்கும். ஆனால் கொதிக்க வைப்பதற்கும், குளோரின் போட்ட குழாய்த் தண்ணீருக்கும் இது மாற்று இல்லை. இறால், நண்டையும் நன்றாக வேக வைத்தே சாப்பிட வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் மெழுகுவர்த்தி, பவர் பேங்க், பிரெட் எல்லாம் வாங்கி வைக்கிறோம். அந்தப் பையில் நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். காட்டுப்பள்ளியானாலும் வேளச்சேரியானாலும், சாலையில் தண்ணீர் நிற்கிற அந்த முதல் ராத்திரியில் வீட்டிலேயே இருக்கக்கூடிய வைத்தியம் அதுதான்.